தேங்காய் எண்ணெய் போட்ட ஸ்கீ

பம்பாயில் இருந்துகொண்டு பனிச்சறுக்குப் போட்டியா என்று கேட்காதவர்கள் கிடையாது. மாட்டுங்காவில் எங்கள் பில்டிங் மாமி ஒருத்தி, ஃப்ரிட்ஜுக்குள் பிராக்டீஸ் பண்ணுகிறாயா என்றே கேட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கேள்வியில் தப்பில்லை என்பதால் வந்த கோபம் அது. விடியற்காலையில் சக்கர ஷூ மாட்டிக்கொண்டு தெருவைச் சுற்றுவோம். கல்யாண் ஸ்லோ லோக்கலில் கம்பியைப் பிடிக்காமல் முழங்காலை மடக்கி நிற்போம். காலேஜ் ஸ்கீ டீமின் பயிற்சி இவ்வளவுதான். நிஜப் பனியை வருஷத்தில் மூன்று வாரம் பார்த்தால் அதிகம்.

பெண்கள் அணியில் மூன்றே பேர். விக்ரோலியிலிருந்து வரும் மராத்திக்காரி, நான், அப்புறம் தாராவியிலிருந்து என் சிநேகிதி. அவள் அப்பா தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை செய்பவர். மூன்று பேரும் எல்லைக்கோட்டைத் தாண்டினால்தான் டீமுக்குத் தரவரிசை; ஒருத்தி நின்றாலும் டீம் கணக்கில் இல்லை. எங்கள் பிரின்சிபால் அந்த சீசன் தொடங்கும்போதே சொல்லிவிட்டார்: இந்தத் தடவையாவது பட்டியலில் பெயர் வரவேண்டும், இல்லையென்றால் ஸ்கீயை விற்றுவிட்டு கேரம் போர்டு வாங்கிப் போடுகிறேன்.

ஜனவரியில் இமயமலையில் அவுலியில் முதல் போட்டி. சரிவில் நட்ட கம்பங்களை ஒவ்வொன்றாகச் சுற்றி வளைந்து இறங்கவேண்டும். ஏழாவது கம்பத்தில் சிநேகிதி விழுந்தாள், எழுந்திருக்கவில்லை. டீம் காலி. திரும்பும் ரயிலில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். நான் வேறு சும்மா இராமல் இரண்டு வார்த்தை குத்தலாகப் பேசியிருந்தேன். கல்யாணில் டீ வாங்கிக் கொடுத்தபோதுதான் சொன்னாள்.

"எங்க வீட்டுல ஆறு பேரு ஒரே ரூம்ல கெடக்கோம்ட்டி. அங்க மலையிலதான் ரெண்டு கையையும் விரிச்சு நிக்கேன். அதும் போயிரும் போல."

என் டீயையும் அவளிடமே நீட்டினேன்.

காலேஜ் ஸ்போர்ட்ஸ் ரூம் ஒழுகும். அவள் வீட்டில் இடமில்லை. அதனால் அவளுடைய ஸ்கீயும் என்னுடையதும் எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கும். அவுலியிலிருந்து வந்ததும் ஈரப்பையோடு உள்ளே தள்ளியவள் நான். ஒரு வாரம் கழித்து இழுத்துப் பார்த்தால், பூட்ஸின் குதிகாலைக் கவ்விப் பிடிக்கும் இரும்புப் பூட்டில் துரு. கடல்காற்று சும்மா விடுமா? தன் அப்பா பட்டறையிலிருந்து மிஷின் ஆயில் கொண்டு வருவதாகச் சிநேகிதி சொன்னாள். நாற்றமடிக்கும், கட்டிலில் படுக்க முடியாது என்று நான் வேண்டாம் என்றேன். எங்கள் வீட்டில் கதவுக் கீலுக்கும், கத்தரிக்கோலுக்கும், என் தலைக்கும் ஒரே மருந்து தேங்காய் எண்ணெய்தான். குத்தலாகப் பேசிய பாவம் தீரட்டும் என்று அவள் பூட்டில் தாராளமாக ஊற்றினேன். என்னுடையதற்கு வரும்போது பாட்டிலில் சொட்டுத்தான் மிச்சம். பூட்டு வெண்ணெய் மாதிரி வழுக்கியது. எனக்கு ஒரே பெருமை.

பிப்ரவரியில் காஷ்மீரில் குல்மார்க். பாதை பனியில் மூடி, போட்டிக்கு முந்தின நாள் இருட்டின பிறகுதான் போய்ச் சேர்ந்தோம். அறையில் விறகு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அங்கேயே பூட்ஸை ஸ்கீயில் மாட்டிப் பார்த்தோம். 'டக்' என்று பூட்டிக்கொண்டது. நிம்மதியாகத் தூங்கினோம்.

மறுநாள் வானிலை மோசம், வழக்கமான இரண்டுக்குப் பதில் ஒரே ஓட்டம்தான் என்றார்கள். விக்ரோலிக்காரி இறங்கி முடித்துவிட்டாள். அடுத்து சிநேகிதி. மேலே அரைமணி நேரம் ஸ்கீயைப் பனியில் குத்திவைத்துக் காத்திருந்தோம். அவள் நம்பரைக் கூப்பிட்டதும் காலை வைத்து அழுத்தினாள். பூட்டவில்லை. மறுபடி அழுத்தினாள். குனிந்து பார்த்தேன். பூட்டின் இடுக்கெல்லாம் வெள்ளையாக, கல்லாக உறைந்த தேங்காய் எண்ணெய். பம்பாயில் ஜனவரிக் காலையில் பாட்டிலின் அடியில் லேசாக வெண்மை தட்டும், வெயில் வந்தால் இளகிவிடும். குளிருக்கு அதற்குமேல் ஒரு முகம் இருக்கிறது என்று எனக்கு உறைக்கவே இல்லை. என்னுடையது எண்ணெய் குறைந்த புண்ணியத்தில் இரண்டாம் உதையில் பூட்டிக்கொண்டது.

ஓட்டத்தைத் தொடங்கிவைக்கக் கொடி பிடித்திருந்தவரிடம் கெஞ்சினேன். நல்ல மனுஷர், அவள் கடைசியாகப் போகட்டும் என்று என் நம்பரைக் கூப்பிட்டார். நான் அவளைப் பார்த்தேன். அவள் கையுறையைக் கழற்றி, வளையலில் கோத்திருந்த ஊக்கை எடுத்துப் பூட்டைச் சுரண்ட ஆரம்பித்திருந்தாள்.

"மொதல்ல போ. நீ விழுந்து தொலைச்சிராத."

எப்படி இறங்கினேன் என்று ஞாபகமில்லை. கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். ஒருத்தர் பின் ஒருத்தராக வந்தார்கள், அவள் வரவில்லை. என் முட்டாள்தனத்தால் அவள் மலை கைவிட்டுப் போகப்போகிறது. கம்பங்களைப் பிடுங்க ஆட்கள் கிளம்பும்போது மேலே அவளுடைய சிவப்புத் தொப்பி அசைந்தது.

மெதுவாக வந்தாள். பாதியில் ஒரு கம்பத்தைத் தவறவிட்டு விழுந்தாள். விட்ட கம்பத்துக்கு ஏறிப்போய்ச் சுற்றி வந்தால் ஓட்டம் செல்லும். பக்கவாட்டில் ஒவ்வொரு அடியாக மேலே ஏறினாள். நான் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது. கோட்டைத் தாண்டி என் மேலேயே வந்து விழுந்தாள். விரல் நுனியெல்லாம் சிவந்து, இரண்டு இடத்தில் ஊக்கு குத்தி ரத்தம். பட்டியலில் எங்களுடையதுதான் கடைசி டீம். ஆனால் பட்டியலில் இருந்தோம்.

எங்கள் கோச் வந்து பூட்டைப் பார்த்தார், மோந்தும் பார்த்தார். யார் வேலை இது என்று இந்தியில் கேட்டார். வாயைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை; இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது. அவள்தான் சொன்னாள், நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போட்டோம் என்று. இரண்டு பேரும் சேர்ந்தே திட்டு வாங்கினோம்.

அவர் நகர்ந்ததும் ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன். அழுதுகொண்டேதான் கேட்டேன். அவள் விரலை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"நீ மட்டும்னு சொன்னா, உன்ன நம்பாம அடுத்த வருசம் ஸ்கீய எங்க வீட்டுல வைக்கச் சொல்லுவாரு. எங்கட்டி இருக்கு எடம்?"

அடுத்த வருஷம் என்று அவள் சொன்னது எனக்கு ஒரு நிமிஷம் கழித்துத்தான் காதில் விழுந்தது.