நான் அடித்த ஏசிக்காரர்

எனக்கு வாயைவிடக் கைதான் முந்தும். கடலோரத்துச் செட்டிபாளையத்தில் என்னைத் தெரிந்தவர்கள் அதற்கேற்ப விலகி நிற்பார்கள். அந்த ஏசிக்காரருக்கு அது தெரியாது.

இரண்டு மாதத்தில் மூன்றாவது தடவையாக ஏசி சூட்டுக் காற்றை ஊதியது. முந்திய இரண்டு தடவையும் அவர்தான் காஸ் அடித்துக் காசு வாங்கிப் போயிருந்தார். பிறந்து இருபது நாளான மகள் உடம்பெல்லாம் வேர்க்குருவோடு கத்திக்கொண்டிருந்தாள்.

"காஸ் முடிஞ்சிட்டு அண்ணன்" என்றார் அவர்.

"அடிச்ச காஸ் எங்க போனது? உன்ட பொக்கட்டுக்குள்ளயா?"

கேட்டபடியே முகத்தில் குத்தினேன். சுவரில் மோதி விழுந்தவரைச் சட்டையில் பிடித்துத் தூக்கி மறுபடியும் குத்தினேன். உதடு பிளந்தது. மனைவி பிள்ளையோடு ஓடிவந்து குறுக்கே நின்றதால்தான் விட்டேன்.

அவர் திருப்பி அடிக்கவில்லை. கிணற்றடிக்குப் போய் வாயைக் கழுவினார். காயத்தில் உப்பு எரியத் துப்பியவர், அங்கிருந்து ஏசியின் வெளிப்பெட்டி வரை கிடந்த ஹோஸைப் பார்த்தார்.

"இந்த உப்புத் தண்ணியாலயா அண்ணன் மிஷினைக் கழுவுறீங்க?"

கடற்காற்றின் உப்பு போகட்டும் என்று வெள்ளி தோறும் நான்தான் கழுவினேன்.

அவர் வெளிப்பெட்டியின் குழாய்களில் சவர்க்கார நுரையைப் பூசினார். அரித்துப்போன இடங்களில் குமிழிகள் கிளம்பின.

"லீக் பார்க்காம காஸ் அடிச்சது என்ட பிழைதான்" என்றார். இரத்தம் சட்டையில் சொட்டியது. நான் ஹோஸைச் சுருட்டிக் கிணற்றடியில் போட்டேன்.

வீங்கிய உதட்டோடு மறுநாள் வந்து திருத்திக் கொடுத்தார். அறை இப்போது நன்றாகக் குளிர்கிறது. ஆனால் ரிமோட்டை எடுக்க நான் கையை நீட்டினாலே மனைவி பிள்ளையை அணைத்துக்கொண்டு ஒதுங்குகிறாள்.