பன்னிரண்டு பக்கங்களிலும் அவள் பெயர்

மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். சுற்றிலும் அரசு அலுவலகங்கள். மனு அடிப்பது, விண்ணப்பம் நிரப்புவது, லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங் எல்லாம் என் வேலை. வருகிறவர்களிடம் நான் கேட்பது இரண்டே கேள்வி. "பேரு? இனிஷியல்?" அதற்கு மேல் பேச எனக்கு வராது.

என் தங்கை சிதம்பரத்தில் இருக்கிறாள். அவளுடைய மகள் அப்போது யூகேஜி. பொங்கல் முடிந்து கொஞ்ச நாளில் தங்கை போன் செய்தாள்.

"மிஸ்ஸு கூப்புட்டு சொல்லிட்டாங்கண்ணே. எழுத்தத் தனித்தனியா கேட்டா சொல்றா, சேத்துப் படிக்க மாட்டேங்கிறா. லீவு வுடுறதுக்குள்ள படிக்கலன்னா அடுத்த வருஷமும் யூகேஜியிலயே உக்காரட்டும்ங்கிறாங்க. கூட இருக்குற புள்ளைங்கல்லாம் மேல போயிடும். இவ மட்டும் அதே பெஞ்சுல..."

அழுகிறாள் என்று தெரிந்தது. "சரி, பாப்போம்" என்று மட்டும் சொன்னேன்.

என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தபோதுதான் ஒரு அம்மா தன் மகளோடு கடைக்கு வந்தார். அவளுடைய போட்டோக்களுக்குக் கீழே ஒவ்வொரு வரி எழுதி, அதைப் புத்தகமாக்கக் கேட்டார். நான் லேமினேட் செய்யச் செய்ய, அந்தச் சின்னப் பெண் சூடு ஆறாத பக்கங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வாசித்தாள். வரியில் இருப்பது தான்தான் என்பதால் அவளால் விட முடியவில்லை. எத்தனையோ வருடமாகப் புத்தகங்களுக்குச் சுருள் கம்பி மாட்டியிருக்கிறேன். ஒரு புத்தகத்துக்கு இப்படி யாரும் அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை.

தங்கை மகளுக்கும் ஒன்று செய்தேன். காணும் பொங்கலுக்குப் பிச்சாவரம் போனபோதும் அதற்கு முன்பும் எடுத்த படங்கள் என் போனில் இருந்தன. முழங்கால் வரை தொங்கும் லைஃப் ஜாக்கெட்டோடு படகில் நிற்கிறாள். பண்ருட்டியிலிருந்து வந்த பலாப்பழத்தின் மேல் குதிரை ஏறுவதுபோல உட்கார்ந்திருக்கிறாள். அப்பாவின் ஹெல்மெட்டுக்குள் முகமே தெரியாமல் நிற்கிறாள். மொத்தம் பன்னிரண்டு பக்கம். மேலே படம், கீழே பெரிய எழுத்தில் அவள் பெயரில் ஆரம்பிக்கும் ஒரு வரி. படகில் ஏறினாள். பலாச்சுளை தின்றாள். கையில் குத்தாமல் இருக்க மூலைகளையெல்லாம் வளைவாக வெட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போய்க் கொடுத்தேன். குழந்தை அட்டையைப் பார்த்ததுமே, "நானு! மாமா, நானு!" என்று கத்தினாள். தங்கை அவளை மடியில் வைத்து, வரியின் மேல் விரல் வைத்து வாசித்தாள்.

"பாப்பா படகில் ஏறினாள்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பாப்பா என்று அடிக்கவில்லை. கடைப் பழக்கத்தில், பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி ஓர் எழுத்து பிசகாமல் முழுப் பெயரையும் அடித்திருந்தேன். அது தங்கையின் மாமியார் பெயர். அவர் இறந்த மறு வருடம் பிறந்த குழந்தைக்கு மச்சான் ஆசையாக வைத்தது. மாமியார் பெயரைத் தங்கை வாயால் சொல்லமாட்டாள். ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடுமிடத்தில்கூட, குழந்தை பேரைக் கேட்டால் கார்டைத்தான் நீட்டுவாள். வீட்டில் எல்லாருக்கும் அவள் பாப்பா; பெயர் சொல்லிக் கூப்பிடுவது பள்ளிக்கூடத்தில் மட்டும்தான்.

இரண்டாவது பக்கமும் "பாப்பா" என்றே போயிற்று. மூன்றாவது பக்கத்தில் குழந்தை அம்மாவின் விரலைப் பிடித்து நிறுத்தினாள்.

"இதுல பா எங்கம்மா?"

"இதாண்டி. படி, மேல படி."

"பா இல்லியே. நீ தப்பா படிக்கிற." கண்ணை எழுத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். பிறகு சேர்த்துச் சொன்னாள். அவளுடைய பெயர். "மிஸ்ஸு கூப்புடுற பேரும்மா இது!"

அவள் சேர்த்துப் படித்து அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தோம். தங்கை என்னைப் பார்த்தாள், நான் தங்கையைப் பார்த்தேன். ஆனால் குழந்தை விடவில்லை. "இப்ப நீ சொல்லு. கரெக்டா சொல்லு."

தப்பு என்னுடையது. "குடும்மா, பாப்பான்னே மாத்தி அடிச்சி அடுத்த வாரம் கொண்டாரேன்" என்றேன்.

தங்கை புத்தகத்தைக் கொடுக்கவில்லை. சுவரில் மாலை போட்டிருந்த மாமியார் படத்தை ஒரு தடவை பார்த்தாள். "வேணாண்ணே. எழுதியிருக்கறது ஒண்ணு, நான் படிக்கறது ஒண்ணுன்னா புள்ள எத நம்பும்?" என்றாள். பிறகு படத்தைப் பார்த்தே, "கோச்சுக்காதீங்க அத்த" என்று சொல்லிவிட்டு, விரலை வைத்து மெல்லிய குரலில் அந்தப் பெயரை வாசித்தாள்.

உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்த மச்சான் தலையை நீட்டினார். "யாரு அது, எங்கம்மாவப் பேரு சொல்லிக் கூப்புடுறது?"

தங்கை நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"உங்கம்மா இல்லப்பா, நானு!" என்றாள் குழந்தை.

மச்சான் சிரித்துவிட்டார். "இன்னா மச்சான், எங்கம்மா இருந்தப்ப இவ வாயில வராத பேர இன்னிக்கி வரவச்சிட்டீங்களே." வந்து தரையில் உட்கார்ந்தார். மீதிப் பக்கங்களை மூன்று பேரும் சேர்ந்தே படித்தார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் தங்கையின் குரல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. ஹெல்மெட் பக்கம் வந்தபோது, பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.

என் தங்கையை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். பயந்தவள், என்னைப் போலத்தான். அன்றைக்கு அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாராட்டி ஒரு வார்த்தை சொல்ல நினைத்து, வழக்கம்போல டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

அதன் பிறகு தங்கை தினமும் அந்தப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். குழந்தைக்கு மனப்பாடம் ஆகிவிட்டது என்று சொன்னதும் படத்தை மாற்றி, வரியை மாற்றி இன்னும் இரண்டு புத்தகம் செய்து அனுப்பினேன்.

லீவு விடுகிற அன்று கடையில் கூட்டம். ஒருவருக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தபோது தங்கையின் போன் வந்தது. பாப்பா என்று சொல்லாமல் ஒரு பெயரைச் சொல்லி, "ஒண்ணாவது போறாண்ணே!" என்றாள். யாரைச் சொல்கிறாள் என்று எனக்கு ஒரு நொடி பிடிபடவில்லை.