பஸ் ரோட்டுக்கு அடியில் ஒரு ரோபோ

தண்ணீருக்குள் ரோபோ விடுகிற வேலை என்றால், பாதி நாள் சேற்றைப் பார்ப்பது, மீதி நாள் "ஏதாச்சும் தெரியுதா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வது. பத்துப் பேர் சுற்றி நின்று வேடிக்கை பார்க்க வேலை செய்கிற மோட்டார் மெக்கானிக்குகளே, போர்வெல்காரர்களே, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

கொல்லிமலையில் வளப்பூர் நாட்டு ஊர்களுக்குப் போகிற ரோடு ஒன்று மழைக்குப் பிறகு நீளமாக வெடித்துவிட்டது. பக்கத்திலேயே தண்ணீர் நிறைந்த ஒரு குகை. அது ரோட்டுக்கு அடியில் போகிறதா என்று தெரியும்வரை பஸ் கிடையாது என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். பார்த்துச் சொல்ல நானும், கூட வேலை பார்க்கும் ரவியும் போனோம்.

தலைச்சுமை

எங்கள் ஜீப்பும் வெடிப்புக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. அதற்கப்புறம் ரோபோ, கேபிள், பேட்டரி எல்லாம் தலைச்சுமைதான். குகை இருப்பது பெருமாள் என்கிற உள்ளூர் விவசாயியின் மிளகுத் தோட்டத்தில். அவரே சும்மாடு கட்டி ரோபோவைத் தூக்கிக்கொண்டார்.

ஒரு மேடு ஏறியதும் இறக்கி வைத்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "ஏனுங்க, தண்ணிக்குள்ள அவ்வளவு தூரம் நீந்துதுங்கறீங்க, ரோட்டுல நாலு எட்டு நடக்காதுங்களா?"

கண் தெரியாத மெஷின்

குகைக்குள் ஒரே கலங்கல். திரையில் டீத்தண்ணி நிறம்தான். சுற்றி நின்றவர்கள் முகம் தொங்கிப் போயிற்று. பெருமாளின் மனைவி சின்னப்பொண்ணுதான் எல்லோரையும்விடக் கவலையாக இருந்தார். மகளுக்கு இது நிறைமாதம். பஸ் இல்லாவிட்டால் வலி கண்டதும் கம்பில் தொட்டில் கட்டித்தான் தூக்கிப் போக வேண்டும்.

"கேமரா போனாப் போகுதுங்க. கண்ணு தெரியலைன்னா இது சத்தம் போடும். சத்தம் சுவத்துல பட்டுத் திரும்புறத வெச்சு வழி கண்டுபிடிக்கும்" என்று தைரியம் சொன்னேன்.

அந்தக் கவலையிலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க ஊட்டுக்காரரு சந்தைக்குப் போயிட்டு அப்படித்தானுங்க ஊடு வந்து சேருவாரு!"

மூன்றாம் பக்கம்

உள்ளே ஒரு வளைவு தாண்டியதும் ரோபோ நின்றுவிட்டது. கேபிள் பாறையில் மாட்டிக்கொண்டது. பின்னால் எடுத்தேன், வரவில்லை. ரவி இழுத்தான், இன்னும் இறுகியது. அறுந்தால் மெஷின் போச்சு, பஸ்ஸும் போச்சு. சின்னப்பொண்ணு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இழுக்காதீங்க" என்றார் பெருமாள். "மரத்தச் சுத்திக்கிட்ட மாட்டை இழுத்தா கழுத்துதான் இறுகும். கயித்த விட்டுட்டு, வந்த வழியே திருப்பி ஓட்டுங்க."

கேபிளைத் தளர்த்தி, ரோபோவை முழுசாகத் திருப்பி, கேபிள் போன வழியே மெதுவாக ஓட்டினேன். பாறையைச் சுற்றி வந்து கழன்றது. எல்லோரும் கை தட்டினார்கள். ரவி மட்டும் என் காதருகில் வந்து சொன்னான்: "அக்கா, இதையேதான் வேலையில சேர்ந்தன்னைக்கு எனக்கு எழுதிக் குடுத்த நோட்டுல சொல்லியிருந்தீங்க. மூணாம் பக்கம்."

முன் சீட்டு

இரண்டு நாள் அளந்ததில் குகை ரோட்டுக்கு அடியில் போகவே இல்லை என்று தெரிந்தது. எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டது. ரோட்டை வெடிக்க வைத்தது ஓர மண்ணை அறுத்த மழைத்தண்ணீர். கல் கட்டிச் சரி செய்தார்கள்.

முதல் பஸ் வந்த காலையில் நானும் போய் நின்றேன். சின்னப்பொண்ணு மகளைக் கைத்தாங்கலாக ஏற்றி உட்கார வைத்தார். டிரைவர் மட்டும் இன்ஜினைப் போடாமல் ரோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அடியில பள்ளம் இல்லீன்னு மெஷின் சொல்லுச்சுங்களா, நீங்க சொல்றீங்களா?"

"ரெண்டு பேரும்தானுங்க."

"அப்ப நீங்களும் ஏறுங்க கண்ணு, முன் சீட்டு காலியாத்தான் இருக்குது."

நான் எழுதிக் கொடுத்த அறிக்கையை வரி வரியாக, மூச்சுக்கூட விடாமல், நானே மனசுக்குள் படித்துப் பார்த்தது அந்த வெடிப்பைத் தாண்டிய அரை நிமிடத்தில்தான்.