உப்புக் கஞ்சி

சிதம்பரத்து வீட்டில் மருமகள் பழைய சேலைகளை அடுக்கி, துவைத்தால் போய்விடும் பசையைத் தடவி, போர்வை தைக்க ஒட்டிக்கொண்டிருந்தாள். "இது இருந்தா, துணி நழுவாம இருக்க மொதல்ல போடுற ஓட்டுத்தையலே வேணாம் அத்தை" என்றாள். இடுப்பு வலியோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் சிறுமியாக இருந்தபோது, கீரப்பாளையத்தில் அம்மா உப்பில்லாத கஞ்சியைத் தடவித்தான் ஒட்டுவாள். தம்பி வயிற்றிலிருந்தபோது அவனுக்கென்று ஒரு போர்வை ஒட்டினாள். அப்பா குடிக்க உப்புப் போட்டு வைத்த கஞ்சியை நான் தெரியாமல் எடுத்துக் கொடுத்துவிட்டேன். வெயிலில் காய்ந்த போர்வையை மாடு நக்கி, மென்று கிழித்துவிட்டது.

"உப்புக் கஞ்சியத் தடவுனா மாடு சும்மா இருக்குமா? எவ எடுத்தது?" என்று அப்பா கத்தினார்.

சட்டியில் இருந்த மிச்சத்தை நக்கிப் பார்த்த அம்மா என்னைப் பார்த்தாள். "நாந்தாங்க, மறதியா எடுத்துட்டேன்" என்றாள். நிறைமாதக்காரி என்றும் பாராமல் அப்பா திட்டித் தீர்த்தார். அவள் வயிற்றைப் பிடித்தபடி நின்று கேட்டாள். நான் வாயே திறக்கவில்லை.

"உங்கம்மா எப்படி அத்தை ஒட்டுவாங்க?" என்றாள் மருமகள்.

"கஞ்சியிலதான்" என்றேன். அதற்குமேல் சொல்ல இந்த வயதிலும் மனசு வரவில்லை.