பந்து எடுக்கப் போகாத நாள்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து கோணல். எழுத்துப் பிழைகள் வரிக்கு வரி இருக்கும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. இதைக் கணினியில் தட்டப்போகிறவர் பொறுத்துக்கொண்டு திருத்திக்கொள்ள வேண்டும். மன்னிப்பு இதற்கு மட்டும்தான். என் வயதுக்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.

பூனாகலைப் பக்கம் இருக்கிற எங்கள் தோட்டத்தில் கரப்பந்து, அதாவது வொலிபோல், விளையாட ஒரு மைதானம் உண்டு. மலையை வெட்டிச் சமப்படுத்திய இடம். ஒரு பக்கம் மேடு, அதன் மேல் நாங்கள் குடியிருக்கும் லயங்கள். எதிர்ப்பக்கம் நேராகச் சரிவு, தேயிலை, அதற்கும் கீழே ஓடை. பந்து அந்தப் பக்கம் போனால் ஓடைவரைக்கும் உருளும். அதனால் சரிவில் எப்போதும் ஓர் ஆள் நிற்க வேண்டும். அந்த ஆள் நான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான்தான்.

யாரும் என்னை அங்கே தள்ளவில்லை. நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால் எனக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியாது. சரிவில் நின்றால் மேலே இருப்பவர்களுக்கு என் தலைகூடத் தெரியாது. எனக்கு வலையின் மேல் நுனியும் வானமும் மட்டும் தெரியும். அது எனக்குப் பிடித்திருந்தது.

பந்தை எடுத்துக்கொண்டு ஏறி வந்தால் நேரமாகும். மேலே இருந்து சத்தம் போடுவார்கள். அதனால் கீழேயிருந்தே இடது கையில் பந்தை வைத்து, மடக்கிய வலது கையால் குத்தி மேலே அனுப்புவேன். ஆரம்பத்தில் பந்து பாதி வழியில் தேயிலைக்குள் விழும். பிறகு மைதான விளிம்பைத் தாண்டியது. பிறகு மைதானத்தின் நடுவில் விழுந்தது. இப்போதெல்லாம் சேர்விஸ் அடிக்கிறவன் நின்ற இடத்தை விட்டு அசையாமல் அதைப் பிடிப்பான். பகலெல்லாம் கவ்வாத்து, அதாவது தேயிலைச் செடிகளைக் கத்தியால் முழங்கால் உயரத்துக்கு வெட்டும் வேலை. பின்னேரம் இந்த வேலை. என் வலது கை எப்படி ஆகியிருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

சித்திரைப் புத்தாண்டுக்கு தோட்டத்தின் இரண்டு பிரிவுகளான எங்கள் மேல் டிவிசனுக்கும் கீழ் டிவிசனுக்கும் ஒவ்வொரு வருடமும் போட்டி நடக்கும். இந்த வருடம் எங்கள் ஆள் ஒருவன் டுபாய்க்குப் போய்விட்டான். போட்டியன்று காலை இன்னொருவன் கோயில் படியில் கால் பிசகி உட்கார்ந்துவிட்டான். மிஞ்சியது ஐந்து பேர். எங்கள் கெப்டன் என் அண்ணன் மகன், பண்டாரவளையில் ஓட்டோ ஓட்டுகிறவன். அவன் சரிவுப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தான்.

“சித்தப்பா, மேல வாங்க. நீங்க நில்லுங்க.”

பக்கத்தில் விசிலோடு நின்றவர் சிரித்தார். அவரை எல்லோரும் கோச் என்போம். ஒரு காலத்தில் எங்கள் டிவிசனின் பெரிய ஆட்டக்காரர். முப்பது வயதானதும் தானாகவே ஆட்டத்தை நிறுத்திவிட்டு விசிலை எடுத்துக்கொண்டார். என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர்.

“டேய், அண்ணனுக்குக் கண்ணக் கட்டிக்கிட்டு யானைப் படத்துக்குக் கண்ணு வைக்கிற போட்டி இருக்குடா. அதுக்கு ஆள் வேணாமா?”

“அஞ்சு பேரா நின்னு தோக்கிறதுக்கு ஆறு பேரா நின்னு தோப்போம் கோச்.”

“நான் அண்ணன் மேல உள்ள அக்கறையிலதான் சொல்றேன். மனுசன் உச்சத்துக்குப் போறது முப்பதுக்குள்ளதான். அதுக்கப்புறம் எறக்கம். போன்ல ஒரு டாக்டரு படம் போட்டே காட்டினாரு.”

நான் கூட்டத்தில் பேசுகிறவன் இல்லை. ஆனால் அது என் வாயிலிருந்து வந்துவிட்டது.

“அந்த டாக்டரு என்னயப் பாத்தாரா தம்பி?”

அண்ணன் மகன் கையை நீட்டினான். பிடித்துக்கொண்டு ஏறினேன்.

முதல் சுற்றில் எங்களுக்கு லயங்கள் இருக்கும் பக்கம் கிடைத்தது. சேர்விஸ் அடிக்க நான் நின்ற இடத்துக்குப் பின்னால், மேடு முழுக்க ஆட்கள். கொழுந்து எடுக்கும் பெண்கள், பிள்ளைகள், கீழ் டிவிசன்காரர்கள். என் முதுகு சுட்டது. குத்தினேன். பந்து வலைக்கே போகவில்லை. அடுத்த முறை வலையில் மோதி எங்கள் பக்கமே விழுந்தது.

“பெரியப்பா உக்கார ஒரு கதிரை போடுங்கப்பா” என்று கீழ் டிவிசன் பையன் ஒருவன் கத்தினான். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அந்தச் சுற்றில் தோற்றோம்.

இரண்டாவது சுற்றுக்குப் பக்கம் மாறினோம். இப்போது எனக்குப் பின்னால் சரிவு. என் முறை வந்ததும் பந்தோடு பின்னால் நடந்தேன். கோட்டைத் தாண்டி, மைதான விளிம்பைத் தாண்டி, தேயிலைக்குள் இறங்கினேன். கூட்டம் மறைந்தது. வலையின் நுனியும் வானமும் தெரிந்தன. நான் இத்தனை காலமாக நின்ற இடம்.

குத்தினேன். மேலே எங்கள் பக்கத்து ஆட்கள் விசிலடித்தார்கள். பந்து தேயிலைக்குள்ளிருந்து எழும்பிப் போய்க் கீழ் டிவிசன்காரர்களின் கடைசிக் கோட்டுக்குள் விழுந்திருந்தது. எங்கிருந்து வந்தது என்று அவர்கள் பார்க்கவில்லை.

“மாஸ்டர், இது என்ன ஆட்டம்? ஒளிஞ்சிருந்து அடிக்கிறாரு” என்று கீழ் டிவிசன் கெப்டன் நடுவரிடம் போனான்.

நடுவர் தோட்டத்துப் பள்ளிக்கூட மாஸ்டர். “கோட்டை மிதிச்சு முன்னால வரக்கூடாது, அம்புட்டுதான். பின்னால எவ்வளவு தூரம் போனா உனக்கென்ன? ஓடையில நின்னு அடிச்சாலும் சரிதான்.”

நான் ஏறி வருவதற்குள் பந்து பெரும்பாலும் அவர்கள் பக்கத் தரையில்தான் கிடந்தது. அதனால் ஏறுவதைப் பாதியில் விட்டுவிட்டு மறுபடி இறங்கினேன். அந்தச் சுற்று எங்களுக்கு.

மூன்றாவது சுற்றுக்குக் காசைச் சுண்டிப் பார்த்ததில் அவர்கள் ஜெயித்தார்கள். வேண்டுமென்றே சரிவுப் பக்கத்தை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மறுபடியும் லயத்துப் பக்கம். இறங்கி ஒளிய இடமில்லை. ஏறினால் ஜனங்களின் மடியில்தான் போய் நிற்க வேண்டும்.

என் முறை வந்தது. கோட்டுக்குப் பின்னால் நின்றேன். கூட்டத்தில் என் மனைவி இருந்தாள். அவள் குரல் எனக்கு நன்றாகக் கேட்டது.

“என்னங்க, எங்களப் பாக்காதீங்க. பந்தப் பாருங்க.”

சிரிப்பு எழுந்தது. அது என்னைப் பார்த்தா, அவளைப் பார்த்தா என்று எனக்குத் தெரியவில்லை. பந்தைப் பார்த்துக் குத்தினேன். பந்து வலையைத் தாண்டிப் போய் அவர்களுடைய மூலையில் விழுந்தது. மறுபடி குத்தினேன். அதுவும் விழுந்தது. எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது.

நாங்கள் தோற்றோம். என் மூன்றாவது பந்தை அவர்கள் எடுத்துவிட்டார்கள். என் சேர்விஸ் முறை மறுபடி வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. கொஞ்ச வித்தியாசத்தில்தான்.

அன்று ஆறுதல் சொல்லாதவர்கள் இல்லை. வெட்டிய தேயிலை மறுபடி துளிர்த்த மாதிரி இருந்தது என்றார் ஒருவர். எனக்கு அது பிடிக்கவில்லை. என்னை யாரும் வெட்டவில்லை. இது முதல் துளிர். கோச் என் தோளில் கை போட்டார்.

“அண்ணே, இருபது வயசுலயே ஆட வந்திருந்தா எங்கயோ போயிருப்பீங்க. வீணாப் போச்சு.”

“இருபது வயசுல எனக்கு இந்தக் கை இல்ல தம்பி.”

அவர் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டார். நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை. இருபது வயதில் நான் குத்திய பந்து பாதிச் சரிவைத் தாண்டவில்லை. அந்த வயதில் என் மனைவி கூட்டத்திலிருந்து அப்படிக் கத்தியிருந்தால் நான் பந்தைப் போட்டுவிட்டு லயத்துக்குள் ஓடியிருப்பேன். ஆட்டத்துக்கு வேண்டியது என்னிடம் சேர்ந்து முடிந்தது இப்போதுதான். ஐம்பது வரப்போகிறது என்பதற்காக அதை நான் யாருக்காவது விட்டுக்கொடுக்க வேண்டுமா? மற்றவர்களுக்கு முப்பதில் வருகிறதென்றால் வரட்டும். அவர்களுக்கு வந்ததை வைத்து என்னை ஏன் அளக்கிறார்கள்?

மறுநாள் பின்னேரம் மைதானத்துக்குப் போனேன். சரிவுக்கு இறங்காமல் கோட்டுக்குள் போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் ஒருவன் அடித்த பந்து மைதான விளிம்பைத் தாண்டிக் கீழே போனது. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பழக்கம் அப்படி. என் கால்களும் ஒருமுறை அந்தப் பக்கம் திரும்பின. நிறுத்தினேன்.

“கோச்சு சும்மாதான நிக்கிறாரு” என்றேன்.

அண்ணன் மகன் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டான். கோச் என்னைப் பார்த்தார், விசிலைப் பார்த்தார், பிறகு இறங்கினார். கீழேயிருந்து அவர் எறிந்த பந்து மைதான விளிம்பில் பட்டு மறுபடி உருண்டது. ஓடைப் பக்கம் அவர் ஓடும் சத்தம் கேட்டது.

“அண்ணே, இத எப்புடி அடிப்பீங்க?” என்று குரல் வந்தது.

“அடிச்சுக்கிட்டே இருங்க தம்பி. வரும்” என்றேன்.

நான் என் இடத்திலேயே நின்றேன். அன்றிலிருந்து அங்கேதான் நிற்கிறேன்.

பூனாகலை,
ஐப்பசி மாதம், தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை.