பெரியம்மாவுக்கு அனுப்பிய டேப்

நாங்கள் இருந்த தீவில், டெலானிபூர் குவார்ட்டர்ஸில் முதன்முதலாக கேம்கார்டர் வாங்கியவன் நான். தலைகால் புரியவில்லை. வீட்டில் யார் எதைச் செய்தாலும் நிறுத்தி, "லென்ஸைப் பாரு, லென்ஸைப் பாரு" என்று உயிரை எடுப்பேன். பக்கத்து வீட்டு வங்காளி, "ஆயியே, டைரக்டர் சாப்" என்று இந்தியில் வரவேற்பார். அது கேலி என்றே எனக்கு உறைக்கவில்லை.

எடுத்த டேப்புகளை மெயின்லேண்டுக்குக் கப்பலேறும் யாரிடமாவது கொடுத்து, சிவகங்கைப் பக்கம் இருந்த பெரியம்மாவுக்கு அனுப்புவேன். அம்மாவின் ஒரே அக்கா அவள். "பெரிய கேசட்ல ஏத்திக் குடுங்க, வாடகை டெக்ல போட்டுப் பாப்பாங்க" என்று பஜார் வீடியோ கடைக்காரர் சொன்னார். படம் மங்கிவிடும் என்று மறுத்துவிட்டேன். என் எட்டு மில்லிமீட்டர் டேப் உள்ளங்கைக்குள் அடங்கும். எந்த டெக்கிலும் நுழையாது. அதே மாதிரி கேமரா இருந்தால்தான் ஓடும். ஊரில் யாரிடமாவது இருக்காதா என்று விட்டுவிட்டேன். பெரியம்மாவும் போனில் "பாத்தேன்ப்பா, நல்லாருந்துச்சு" என்றாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

பிறகு பெரியப்பா இறந்தார். தீவில் நாங்கள் ஜஹாஸ் என்று சொல்லும் கப்பல் அந்த வாரம் இல்லை. விமானம் எங்களுக்கு எட்டாத காலம். எஸ்.டி.டி. பூத்தில் பின்னால் வரிசை நிற்க, அம்மாவுக்கு அக்காவிடம் வாய்விட்டு அழக்கூட முடியவில்லை. நாலு வார்த்தை பேசுவதற்குள் லைனும் போய்விட்டது. வீட்டுக்கு வந்து என்னைக் கேமராவை எடுக்கச் சொன்னாள். அடுப்படித் தரையில் உட்கார்ந்து, "ஜஹாஸ் கிடைக்கலக்கா. உம்பக்கத்துல இருந்து அழக்கூட குடுத்துவைக்காத பாவியாயிட்டேன். என்னை மன்னிச்சிரு" என்று தேம்பினாள். நான் நடுவில் புகுந்து, "கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாம்மா" என்றேன்.

டேப் போய்ச் சேர்ந்த பிறகு அம்மா போன் போட்டாள். "அனுப்புனதப் பாத்தியாக்கா?"

"பாத்தேன்டி. நல்லாருந்துச்சு."

அம்மா ரிசீவரை வைத்துவிட்டாள். "நான் அழுதது அவளுக்கு நல்லாருந்துச்சாம்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் சமாதானம் செய்யவில்லை. "பெரியம்மாவுக்குக் கல்நெஞ்சும்மா" என்று எண்ணெய் ஊற்றினேன். அதன்பின் அக்காவும் தங்கையும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஒப்புக்குப் பேசிக்கொண்டதோடு சரி.

நான் மட்டும் அனுப்புவதை நிறுத்தவில்லை. கேமரா மாறும்போதெல்லாம் யாரிடமாவது பீற்றிக்கொள்ள வேண்டுமே! தீப்பெட்டியை விடச் சற்றே பெரிய டிஜிட்டல் டேப், அப்புறம் மெமரி கார்டு, கடைசியாக ஒரு பென் டிரைவ்.

இந்த வருடம் ஆபீஸ் வேலையாக மெயின்லேண்ட் போனவன், பெரியம்மா வீட்டுக்கும் போனேன். அவள் ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டினாள். நான் அனுப்பிய அத்தனையும், பென் டிரைவ் உட்பட, ஜவுளிக்கடைப் பையில் பத்திரமாக இருந்தன.

"ஒண்ணுகூடப் பாக்கலப்பா. போட்டுப் பாக்க வழியில்ல. நீ ஆசையா அனுப்புற, அதச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. பாத்தேன்னு சொல்லிட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா ஒங்கம்மா, பெரியப்பா போனதுக்கு எங்கிட்ட உக்காந்து ஒருநாள் அழல. அதுதான் ஆறவே இல்ல" என்றாள்.

வெட்கப்பட வேண்டியவன் நான். அவள் இத்தனை வருடம் அதைச் சுமந்திருக்கிறாள். என் கையெழுத்தில் 'அம்மா' என்று இருந்த டேப்பை எடுத்துக் கொடுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று சொன்னேன். அதை ஓட்டிக் காட்ட என்னிடம் இப்போது கேமரா இல்லை. எப்போதோ பழைய சாமானோடு போய்விட்டது. டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை வேறு பூத்திருந்தது. பெரியம்மா அதை முந்தானையால் துடைத்தாள்.

அம்மாவுக்கு வீடியோ கால் போட்டுப் பெரியம்மாவிடம் நீட்டினேன்.

"எங்கப்பா பாக்கணும்? லென்ஸையா?"

"எங்க பாத்தாலும் சரிதான் பெரியம்மா."

அம்மாவின் முகம் வந்தது. பெரியம்மா டேப்பைத் தூக்கி போனுக்கு நேராகப் பிடித்தாள். "இத நான் பாக்கவே இல்லடி" என்றாள்.

அம்மா திரைக்கு அருகே வந்து, டேப்பின் மேலிருந்த என் கையெழுத்தைப் படித்தாள். பிறகு, "அவன் எங்கக்கா?" என்றாள்.

நான் படத்தில் விழாதபடி நகர்ந்து நின்றுகொண்டேன்.