வெள்ளிக்கிழமைத் தோட்டா

எங்கள் மேனேஜரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆள் கெட்டவர் என்றும் சொல்ல முடியாது. பெருநாளைக்கு எல்லோருக்கும் பிரியாணி வாங்கித் தருவார். ஊரில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் லீவுக்கு அவரே அலைந்து ஏற்பாடு செய்வார். சென்னைக்காரர், நம் மொழி பேசுகிறவர். அதனால்தான் எரிச்சல் இரட்டிப்பாகிறது. வேற்று ஆள் செய்திருந்தால் என் தலையெழுத்து என்று விட்டிருப்பேன்.

அபுதாபிப் பக்கம் பாலைவனத்தில் ஒரு தனியார் துப்பாக்கி சுடும் கிளப். அங்கே எனக்கு ரேஞ்ச் டெக்னீஷியன் வேலை. டார்கெட் ஓடும் மோட்டாரைப் பார்க்க வேண்டும், துப்பாக்கிகளைத் துடைத்து எண்ணெய் போட வேண்டும், சுடுகிற இடத்தில் யாராவது தப்புச் செய்தால் நிறுத்த வேண்டும். என்னோடு இன்னொருவன் இருந்தான். இரண்டு பேரும் குமரி மாவட்டம்தான். நான் மலையடிவாரம், அவன் கடற்கரை. ஒரே ரூமில் மேல் கட்டில் அவனுக்கு, கீழ்க் கட்டில் எனக்கு. நீட்டிய அவன் கையில் நிறைந்த டீ கிளாஸை வைத்தால் தளும்பாது. அந்தக் கையை நம்பித்தான் ருவைஸில் ஒரு பிளான்ட்டில் வெல்டர் வேலைக்குப் போட்டிருந்தான். டெஸ்டுக்கும் கூப்பிட்டுவிட்டார்கள். டியூட்டி முடிந்ததும் பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ப் பழகிவிட்டு, கண் சிவக்க ரூமுக்கு வருவான். அந்த டெஸ்டைத் தவிர அவனுக்கு வேறு பேச்சே கிடையாது.

ஆடாத கை என்றால் மேனேஜரின் கண்ணில் படாமல் இருக்குமா?

அவருக்கு ஒரு கிறுக்கு உண்டு. கிளப் முதலாளியை நாங்கள் அர்பாப் என்போம். அர்பாப்பிடம் மரப்பிடி போட்ட அழகான ரிவால்வர் ஒன்று இருந்தது. அதற்குத் தோதான தோட்டாவைத் தன் கையாலேயே செய்து கொடுத்து நல்ல பேர் வாங்க வேண்டும் என்று மேனேஜருக்கு ஆசை. அனுமதியெல்லாம் முறைப்படி வாங்கியிருந்தார். பின்னறையில் ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றிக் குண்டு வார்ப்பார். சுட்டுப்போட்ட பித்தளைக் கூட்டில் மறுபடி வெடிமருந்து போட்டு, அந்தக் குண்டைச் செருகி அமுக்குவார். செய்யட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு யாரோடாவது அரட்டை அடித்தபடியே செய்வார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

சுட்டுப் பார்க்காமல் அர்பாப்பிடம் கொடுக்க முடியாது. வெள்ளிக்கிழமை காலையில் மெம்பர்கள் வரமாட்டார்கள் என்பதால் அப்போது என் கூட்டாளியைக் கூப்பிடுவார். முன்னால் வேகம் அளக்கும் மெஷின் இருக்கும். அவன் சுடுவான், குண்டு அதைக் கடந்து போகும், நம்பர் விழும், மேனேஜர் பார்த்துத் தலையாட்டுவார். எங்கே நின்று என்று கேளுங்கள். குண்டு துளைக்காத கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று. ஆபத்து தெரியாத ஆளாக இருந்தால் அங்கே போய் நிற்பாரா?

அன்றைக்கு முதல் சில தோட்டாக்கள் ஒழுங்காகப் போயின. அடுத்ததில் சத்தம் சரியில்லை. காதை அடைக்க வேண்டிய வெடி, சோடா மூடி திறந்த மாதிரி 'டப்' என்றது. மெஷினில் நம்பரும் விழவில்லை.

கூட்டில் மருந்து விழாமல் போயிருந்தால் இப்படித்தான் கேட்கும். குண்டு வெளியே போகாமல் குழலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் துப்பாக்கியே வெடிக்கும். விரல் போகும், கண்ணும் போகலாம். சத்தம் குறைந்தால் நிறுத்து, குழலைப் பார் என்று சுவரில் பெரிதாக எழுதியே மாட்டியிருந்தது.

ஆனால் அந்த மெஷினும் வெயில் ஏறினால் மக்கர் பண்ணும். மேனேஜர் மைக்கில், "மெஷின் எடுக்கலப்பா. அடுத்ததைச் சுடு. யல்லா, சீக்கிரம், அர்பாப் வந்துடுவாரு" என்றார்.

அவன் கையைத் தூக்கிவிட்டான்.

"லேய், நிறுத்துல" என்று கத்திக்கொண்டே பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். ரிவால்வரை வாங்கி, தோட்டாக்களை வெளியே எடுத்துவிட்டு, துடைக்கிற கம்பியைக் குழலுக்குள் விட்டேன். பாதியில் நின்றது. மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன். முகம் வெளுத்துத்தான் போனார். ஆனால் வாய் என்ன சொன்னது தெரியுமா? "சரி சரி, ஒண்ணும் ஆகலைல்ல. விடு."

ஒன்றும் ஆகவில்லையாம். அவர்மேல் காட்ட முடியாத கோபத்தை அவன்மேல் காட்டினேன்.

"சத்தம் கொறஞ்சது ஒனக்குக் கேக்கலியால?"

"கேட்டுச்சி."

"பின்ன எதுக்குல கையத் தூக்குன?"

"மெஷின் எடுக்கலன்னு சாரு சொன்னாருல்லா" என்றான்.

ஓங்கி ஒன்று விட்டிருப்பேன். "கையில்லாம ருவைஸ்ல போயி எதால வெல்டிங் அடிப்ப? வாயாலயா?" என்றேன். பாவி, அதற்கும் சிரித்தான்.

சிக்கிய குண்டைத் தட்டி எடுக்க மரச் சுத்தியல் தேடி ஸ்டோருக்குப் போனேன். அங்கே அலமாரிக்கு அடியில் ஒரு இரும்பு வைஸ் கிடந்தது. துப்பாக்கியின் பிடியைக் கவ்வி மேசையில் நிறுத்துகிற சாமான். விசையில் கயிறு கட்டினால் கண்ணாடிக்குப் பின்னால் நின்றே இழுக்கலாம். இப்படிச் சுட்டுப் பார்ப்பதற்கென்றே செய்தது. தூக்கிக்கொண்டு வந்து மேசைமேல் 'ணங்' என்று வைத்தேன்.

"இது இருக்கும்போது அவன் எதுக்கு சார் நிக்கணும்?"

"அதுல ரப்பர் போயிடுச்சுப்பா. இரும்பு கடிச்சா பிடியில கீறல் விழும். அர்பாப்போட துப்பாக்கி. யாரு பதில் சொல்றது?"

அப்படியென்றால் வைஸ் இருப்பது அவருக்குத் தெரியும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தெரிந்தேதான் அவனைக் கூப்பிட்டிருக்கிறார். மரத்தில் ஒரு கோடு விழக்கூடாது, அதற்கு இவன் கை. எனக்கு வாய் நிற்கவில்லை. அன்றைக்குப் பேசியதை இங்கே எழுத முடியாது. 'சார்' என்ற வார்த்தை மட்டும் அதில் இல்லை.

குண்டைத் தட்டி எடுத்தேன். குழலில் பழுது இல்லை என்று பார்த்துக்கொண்டு, அவரைக் கேட்காமலே ரிவால்வரை வைஸில் வைத்து இறுக்கினேன். மிச்சத் தோட்டாக்களைக் கயிறு இழுத்துச் சுட்டேன். ஒவ்வொரு தடவையும் கம்பி விட்டுப் பார்த்தேன். மேனேஜர் "வேணாம்பா, வேணாம்பா" என்று சுற்றிச் சுற்றி வந்தாரே தவிர, என் முகத்தைப் பார்த்துக் கிட்டே வரவில்லை. கழற்றும்போது பிடியில் நக நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருந்தது.

அர்பாப் வந்தார். மேனேஜர் ரிவால்வரை இரண்டு கையாலும் நீட்டி, கோட்டைக் காட்டி, என்னையும் காட்டி, பாதி இங்கிலீஷிலும் பாதி அரபியிலும் மன்னிப்புக் கேட்டார். அர்பாப் கட்டைவிரலால் கோட்டை ஒருமுறை தடவினார்.

"மாஃபி முஷ்கில்" என்றார். பரவாயில்லை, அவ்வளவுதான். சுடுவதற்காகக் காதில் சத்தம் தடுக்கும் மஃப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

என் கூட்டாளி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றான். சிரிப்பெல்லாம் போயிருந்தது. மேனேஜரைப் பார்த்து, "அப்போ மொதல்லயே அவருகிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா போதும்லா சார்?" என்றான்.

மேனேஜர் வேறு பக்கம் திரும்பி, டார்கெட் பேப்பரை மாற்றச் சொன்னார்.